ஓடுவதா, சைக்கிள் ஓட்டுவதா? பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடற்பயிற்சி தொடங்கப் போகிறேன் என்று சொல்கிற எல்லாரும் முதல் வாரத்திலேயே ஏறக்குறைய இதே கேள்விகளைக் கேட்கிறார்கள், வாட்சாப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருக்க முடியவில்லை, அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் இரண்டும் செய்கிறவன், டாக்டர் இல்லை. மருந்து சாப்பிடுபவர்கள், நெஞ்சு வலி வந்தவர்கள், நாற்பது தாண்டி பல வருடமாக அசையாமல் உட்கார்ந்திருந்தவர்கள் முதலில் கிளினிக்கில் ஒரு முறை காட்டிவிட்டு மேலே படியுங்கள்.

எதில் அதிகக் கலோரி செலவாகும்?

ஓட்டத்துக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு: ஒரு கிலோமீட்டர் ஓடினால் உங்கள் எடையில் கிலோவுக்கு ஒரு கலோரி வீதம் போகும். 70 கிலோ ஆள் அரை மணி நேரத்தில் 4 கிலோமீட்டர் ஓடினால் 280. வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் செலவு பெரிதாக மாறாது, வேகமாக ஓடினால் அதே நேரத்தில் அதிக தூரம் போகிறீர்கள், அவ்வளவுதான்.

சைக்கிளில் கணக்கு இவ்வளவு நேர்மையாக இருக்காது. அதே ஆள் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தை அரை மணி நேரம் விடாமல் பிடித்தால் அதுவும் 280 பக்கம் வரும். ஆனால் ஜார்ஜ்டவுனுக்குள் யாரால் அப்படி ஓட்ட முடியும்? சிக்னல், இரட்டை வரிசையில் நிற்கும் கார், திடீரென்று கதவைத் திறக்கும் ஆள், எல்லாம் போக சராசரி 15 அல்லது 16 தான் வரும், அரை மணிக்கு 200 முதல் 240 கலோரி. இறக்கத்தில் மிதிக்காமல் உருண்டு வருகிற நேரத்தையும் நாம் பயிற்சிக் கணக்கில் சேர்த்துவிடுகிறோம், அது வேறு. அதனால் நிமிடக் கணக்கில் பார்த்தால் ஓட்டத்துக்குத்தான் கை ஓங்கும். அதே சமயம் புதிதாகத் தொடங்குபவரால் ஒரு மணி நேரம் ஓட முடியாது, ஆனால் இரண்டு மணி நேரம் சைக்கிள் ஓட்டிவிட முடியும். மொத்தக் கணக்கு அங்கே திரும்பிவிடும்.

அப்படியென்றால் எடை குறைய எது நல்லது?

மாமாக் கடையில் ஒரு ரொட்டி சனாய் சுமார் 300 கலோரி. மேலே சொன்ன அரை மணி ஓட்டம் ஒரு ரொட்டிக்கு ஈடாகவில்லை, கூட வரும் தே தாரிக்கை (பால் டீ) நான் இன்னும் சேர்க்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டத்தோடு போகிறவர்களுக்கு இதில் பெரிய ஆபத்து இருக்கிறது, ஏனென்றால் எல்லாக் கூட்டமும் கடைசியில் போய் நிற்கிற இடம் ஒரு சாப்பாட்டுக் கடைதான். பாலிக் பூலாவ் வரை மிதித்துவிட்டு லக்சா, செண்டோல், திரும்பும் வழியில் நாசி கண்டார் என்று பசியாறினால் எடை கூடத்தான் செய்யும். குறைய வேண்டுமென்றால் தட்டில்தான் கை வைக்க வேண்டும். குறைந்த எடை திரும்பி வராமல் காப்பதற்கும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இறங்குவதற்கும் பயிற்சி பெரிய உதவி, அதில் ஓட்டமும் சைக்கிளும் ஒன்றுதான்.

ஓடினால் முட்டி தேய்ந்துவிடும் என்கிறார்களே?

இதைச் சொல்லாத மாமா, சித்தப்பா யாருமே இல்லை. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது என்பது உண்மை. ஆனால் அந்த விசையால் ஆரோக்கியமான மூட்டு தேய்ந்து போகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017இல் வந்த ஒரு தொகுப்பில், ஓடாமல் உட்கார்ந்தே இருந்தவர்களில் இடுப்பு, முட்டி மூட்டுத் தேய்மானம் 10.2 சதவீதம், உடல்நலத்துக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம். போட்டிக்கென்று கடுமையாக ஓடுகிறவர்களில் மட்டும் 13.3 சதவீதம். முட்டி கெட்டவர்கள் ஓடுவதையே விட்டிருப்பார்கள், அதனாலும் இந்த எண் குறைந்திருக்கலாம் என்று வாதிடலாம், சரி, ஆனாலும் ஓட்டம்தான் முட்டியைத் தின்கிறது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

புதியவர்களுக்கு முட்டி வலிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம். மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும், தசைநாரும் எலும்பும் பழக மாதக் கணக்கு ஆகும். மூச்சு வாங்காமல் ஓட முடிகிறதே என்று தூரத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள், மூன்றாம் மாதம் முழங்காலுக்குக் கீழ் எலும்பை ஒட்டி வலி வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு நிமிடம் ஓடு, இரண்டு நிமிடம் நட என்று இருபத்தைந்து நிமிடம், வாரத்துக்கு மூன்று நாள். கேட்க கேவலமாக இருக்கும், ஆனால் அதுதான் வேலை செய்கிறது. பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம் போதும்.

ஏற்கெனவே முட்டியில் தேய்மானம் இருக்கிறது, அல்லது எடை தொண்ணூறு கிலோ பக்கம் என்றால் நான் சைக்கிளில் தொடங்கத்தான் சொல்வேன். உடல் எடையை சீட் தாங்கிக்கொள்ளும்.

சைக்கிளில் முட்டி வலிக்கவே வலிக்காதா?

வலிக்கும், சீட் உயரம் தப்பாக இருந்தால். இங்கே நான் பார்க்கிற சைக்கிள்களில் பாதிக்கு மேல் சீட் ரொம்பத் தாழ்வு, நிற்கும்போது இரண்டு பாதமும் தரையில் அழுந்த வேண்டும் என்று வைத்துக்கொள்கிறார்கள். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடிமட்டத்துக்குப் போகும்போது கால் நேராக நீள வேண்டும். அப்புறம் ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முட்டி லேசாக மடங்கியிருக்கும், அதுதான் சரியான உயரம். முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு என்று சந்தேகப்படுங்கள், பின்பக்கம் வலித்தால் உயரம். கனமான கியரைப் போட்டு அழுத்துவதும் முட்டிக்கு ஆகாது, லேசான கியரில் நிமிடத்துக்கு 80, 90 சுற்று வேகமாகச் சுற்றுங்கள்.

அப்போ சைக்கிள் மட்டும் ஓட்டினால் போதாதா?

இதயத்துக்கும் நுரையீரலுக்கும் தாராளமாகப் போதும். எலும்புக்குப் போதாது, இதை சைக்கிள்காரர்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை. எலும்பு கெட்டியாக வேண்டுமென்றால் அதன் மேல் எடையும் அதிர்ச்சியும் விழ வேண்டும், முட்டிக்கு நல்லது என்று நாம் பாராட்டுகிற அந்த மென்மையே எலும்பைப் பொறுத்தவரை சைக்கிளின் குறை. வருடக் கணக்கில் சாலை சைக்கிள் மட்டும் ஓட்டும் போட்டியாளர்களுக்கு முதுகெலும்பின் அடர்த்தி குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. நாற்பத்தைந்து தாண்டிய பெண்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். சைக்கிள் பிடித்திருக்கிறதென்றால் ஓட்டுங்கள், கூடவே வாரத்துக்கு இரண்டு நாள் எடை தூக்குங்கள், படி ஏறுங்கள், அல்லது கொஞ்சம் ஓடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவிலும் இது வருகிறது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சி, அதோடு இரண்டு நாள் தசைப் பயிற்சி. அந்தக் கடைசிப் பகுதியைத்தான் எல்லாரும் வசதியாக மறந்துவிடுகிறோம்.

படி என்றதும் தண்ணீர்மலை ஞாபகம் வரும், மேலே முருகன் கோயிலுக்கு 513 படி. தைப்பூசத்துக்கு முன்னால் மட்டும் ஏறாமல் மற்ற மாதங்களிலும் ஏறினால் தொடைக்கும் எலும்புக்கும் அதைவிட மலிவான ஜிம் கிடையாது.

எனக்கு இனிப்புநீர் இருக்கிறது. எதைச் செய்யலாம்?

நம்மிடம் இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. 2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியாவில் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு, இந்தியர்களில் மட்டும் எடுத்தால் அதைவிட எவ்வளவோ மேலே, இனவாரியாக நாம்தான் முதலிடம்.

இரண்டுமே சர்க்கரையை இறக்கும். பார்க்க வேண்டியது மூன்று விஷயம். முதலாவது மருந்து: மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிட்டால் பயிற்சியில் சர்க்கரை அபாயமாக இறங்குவது அரிது, ஆனால் இன்சுலின் போடுபவர்கள், கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள் வெறும் வயிற்றில் ஓடிவிட்டு மயங்கி விழலாம். சட்டைப் பையில் மிட்டாயோ இனிப்புத் தண்ணீர் பொட்டலமோ இருக்கட்டும், எப்போது எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள். இரண்டாவது பாதம்: பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் ஓடும்போது செருப்பு கடித்த புண்கூடத் தெரியாது, அவர்களுக்குச் சைக்கிள் பாதுகாப்பு, ஓடினாலும் நடந்தாலும் வீட்டுக்கு வந்ததும் இரண்டு பாதத்தையும் திருப்பிப் பாருங்கள். மூன்றாவது கண்: விழித்திரையில் ரத்தக்கசிவு ஆபத்து இருக்கிறது என்று கண் டாக்டர் சொல்லியிருந்தால் குலுங்கி ஓடுவதும் மூச்சைப் பிடித்து எடை தூக்குவதும் வேண்டாம்.

வேலைக்குப் போகிறவன், காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவது?

இங்கேதான் ஓட்டமும் சைக்கிளும் உண்மையில் பிரிகின்றன என்பது என் எண்ணம். 1982 ஜனவரியில் தீபகற்பத்துக் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி சபா, சரவாக்கோடு ஒன்றாக்கினார்கள், அதன் பலனாக பினாங்கில் ஏழு மணி வரைக்கும் இருட்டு, ஜனவரி பிப்ரவரியில் சூரியன் ஏழரை மணிக்குத்தான் எட்டிப் பார்க்கும். எட்டு மணிக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் அட்டை தட்ட வேண்டியவருக்குப் பகல் வெளிச்சம் என்பதே கிடையாது. ஆறு மணி இருட்டில், தாமானுக்குள் (குடியிருப்புக்குள்) தெருவிளக்கு வெளிச்சத்தில் நடைபாதை ஓரமாக ஓட முடியும். அதே இருட்டில் ஃபேக்டரி பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே சைக்கிள் ஓட்டுவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன், விளக்கு இருந்தாலும் சரி. சைக்கிளில் ஒரு மணி நேரமாவது போனால்தான் பிரயோஜனம், காற்று பார்ப்பது, விளக்கு மாட்டுவது, திரும்பி வந்து துடைப்பது என்று இன்னொரு அரை மணி போய்விடும். வார நாளில் ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் என்று பெரும்பாலானோர் தானாகவே வந்து சேர்வது இதனால்தான்.

ஷிஃப்ட் வேலை செய்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள் இந்தக் கணக்குக்குள் வரமாட்டார்கள், அவர்களுக்கு ஒன்பது மணி காலிச் சாலை கிடைக்கும், கொடுத்து வைத்தவர்கள்.

வெயிலில் எது தேவலை?

சைக்கிள். மணிக்கு இருபது கிலோமீட்டரில் காற்று முகத்தில் அடித்து வேர்வையை உலர்த்திக்கொண்டே வரும். ஓடுகிறவருக்கு அந்தக் காற்று கிடையாது, நம் ஊர் ஈரப்பதத்தில் வேர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது, சொட்டுகிற வேர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. ஆனால் இதனாலேயே சைக்கிளில் தாகம் தெரியாமல் போய்விடும், சிக்னலில் நின்ற அடுத்த நொடி கொட்டும்போதுதான் புரியும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு வாய் குடியுங்கள். ஓட்டமென்றால் ஒன்பது மணிக்கு மேல் வேண்டாம். தலை சுற்றல், குளிர் நடுக்கம் வந்தால் நிழலில் உட்கார வைத்துத் தண்ணீரை உடம்பில் ஊற்றுங்கள், பேச்சு தடுமாறினால் ஆம்புலன்ஸ் 999.

மாலையில் மேகம் கறுத்தால் இரண்டுக்கும் லீவு. இடி கேட்கிற தூரத்தில் மின்னல் இருக்கிறது என்று அர்த்தம். மழை நின்றதும் சைக்கிள் எடுக்கிறவர்கள் சாலையின் வெள்ளைக் கோட்டையும் இரும்புச் சாக்கடை மூடியையும் திருப்பத்தில் மிதிக்காதீர்கள், வழுக்கும்.

பினாங்கில் எங்கே ஓடலாம், எங்கே ஓட்டலாம்?

ஓட்டத்துக்கு யூத் பார்க், தாவரவியல் பூங்கா, கர்னி டிரைவ் கடற்கரை, ஆயர் ஈத்தாம் அணைக்கட்டுப் பக்கம். தாவரவியல் பூங்காவில் குரங்குகள் இருக்கின்றன, பிளாஸ்டிக் பை கையில் இருந்தால் அது சாப்பாடு என்றே எடுத்துக்கொள்ளும், வெறுங்கையோடு போங்கள். அங்கிருந்து கொடிமலை (பினாங்கு ஹில்) உச்சிக்குப் போகும் ஜீப் பாதை சுமார் 5 கிலோமீட்டர், ஓடி ஏறுவது இருக்கட்டும், நடந்து ஏறினாலே கெண்டைக்கால் இரண்டு நாள் பேசும். இறங்குவது அதைவிட மோசம், முட்டி பலவீனமானவர்கள் ஏறிவிட்டு ரயிலில் இறங்கலாம்.

சைக்கிளுக்கு கிழக்குக் கடலோரமாக குயின்ஸ்பே பக்கத்துப் பாதை புதியவர்களுக்கு நல்லது, மேடு இல்லை. கொஞ்சம் பழகினதும் பாலிக் பூலாவ், சுங்கை பூரோங் வயல்வெளிச் சாலைகள், காரும் குறைவு. தெலுக் பாஹாங்கிலிருந்து அணையைத் தாண்டி மேட்டில் ஏறி பாலிக் பூலாவில் இறங்குவது இந்தத் தீவிலேயே எனக்குப் பிடித்த சாலை, டுரியான் காலத்தில் வழியெல்லாம் கடை. தீவை முழுதாகச் சுற்றினால் எழுபது கிலோமீட்டரை ஒட்டி வரும், அதை ஆறு மாதப் பழக்கத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பத்து பெரிங்கிச் சாலை அழகு, ஆனால் குறுகலான வளைவு, சனி ஞாயிறு பத்து மணிக்கு மேல் அந்தப் பக்கம் போகாதீர்கள். பினாங்குப் பாலத்தில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, அக்கரைக்குப் போகிறவர்கள் ஃபெரியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு பட்டர்வொர்த்தில் இறங்கலாம்.

செலவு எவ்வளவு ஆகும்?

ஓட்டத்துக்கு ஒரு நல்ல காலணி, 250 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 500 வெள்ளிக்குள் தாராளமாகக் கிடைக்கும், 500 முதல் 800 கிலோமீட்டர் வரை வரும். சைக்கிளில் உச்ச வரம்பே கிடையாது. தொடங்குபவர்கள் நல்ல நிலையில் இருக்கும் பழைய சைக்கிள் வாங்குங்கள், மிச்சக் காசில் தலைக்கவசம், முன்பின் விளக்கு, காற்றடிக்கும் பம்பு, ஒரு ட்யூப். கார்பன் சட்டம் (ஃப்ரேம்) 1 கிலோ குறைவு என்று ஆயிரக்கணக்கில் கொட்டுகிறவர்கள் தங்கள் வயிற்றைத் தடவிப் பார்த்தால் அந்த 1 கிலோ இலவசமாகவே கிடைக்கும்.

வாட்ச்சில் ஓடும்போது இதயத் துடிப்பு 165, சைக்கிளில் 150 தாண்டவில்லை. சோம்பேறித்தனமா?

இல்லை. ஓட்டத்தில் உடம்பு முழுக்க வேலை செய்கிறது, தன் எடையைத் தானே தூக்குகிறது, அதனால் அதே அளவு கஷ்டத்தில் சைக்கிளில் துடிப்பு ஐந்து பத்து குறைவாகத்தான் காட்டும். சைக்கிளுக்குப் புதியவர் என்றால் மூச்சுக்கு முன் தொடை களைத்துவிடும், அப்போது இன்னும் குறையும். பிசோப்ரோலால், அட்டெனொலால் போன்ற ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் வாட்ச்சை நம்பவே வேண்டாம், அந்த மாத்திரையின் வேலையே துடிப்பைக் குறைப்பதுதான்.

நம் ஆட்கள் உடல்வாகுக்கு இதெல்லாம் ஒத்து வராது என்கிறார்களே?

யார் சொன்னது? மலேசிய ஓட்டக்காரர் டாக்டர் எம். ஜெகதீசன் 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வாங்கினார், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார், அந்த தேசியச் சாதனையை முறியடிக்க 2017 வரை யாராலும் முடியவில்லை. 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வாங்கியவர் ஜி. சரவணன். சைக்கிளில் 2017 உலக கெய்ரின் (தடகள மைதான சைக்கிள் பந்தயம்) சாம்பியன் அசிசுல்ஹஸ்னி அவாங், ஐரோப்பியப் போட்டியாளர்கள் பக்கத்தில் நின்றால் சின்ன ஆள். ஒத்து வராதது நம் சாப்பாட்டு நேரம்தான், இரவு பத்தரைக்குச் சாப்பிட்டுவிட்டுக் காலை ஆறு மணிக்கு யாருக்கு எழ மனசு வரும்?

பெண்கள் தனியாகப் போகலாமா?

இருட்டில் தனியாக வேண்டாம் என்று சொல்வது எனக்கே பிடிக்கவில்லை, இருந்தாலும் நடைமுறை அதுதான். யூத் பார்க் மாதிரி ஆட்கள் நடமாடும் இடத்தில் இருவராக ஓடுங்கள், ஒரு காதையாவது ஹெட்ஃபோன் இல்லாமல் விடுங்கள். அக்கா ஒருவர் சொன்னது: சைக்கிளில் கிண்டல் பேச்சைத் தாண்டிச் சீக்கிரம் போய்விடலாம், ஓட்டத்தில் அது முடியாது. ஓட்டத்துக்கு நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா காலணியைவிட முக்கியம். சைக்கிளில் சீட் அகலம் இடுப்பெலும்புக்குப் பொருந்த வேண்டும், ஆண்களின் சீட்டோடு போராடிவிட்டு சைக்கிளே ஆகாது என்று விட்டவர்கள் நிறைய.

ஓட்டும்போது கீழே மரத்துப் போகிறது, பயமாக இருக்கிறது.

சீட் நரம்பை அழுத்துகிறது. மூக்குப் பகுதி மேல்நோக்கி இருந்தால் சமமாக்குங்கள், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து நின்று மிதியுங்கள், நடுவில் பள்ளம் விட்ட சீட் மாற்றிப் பாருங்கள். இறங்கிக் கொஞ்ச நேரத்தில் சரியாகாவிட்டால் டாக்டர்.

புகைமூட்டம் வந்தால்?

காற்று மாசுக் குறியீடு 100 தாண்டினால் வெளியே இரண்டும் வேண்டாம், ஆஸ்துமா இருப்பவர்கள் அதற்கு முன்பே நிறுத்துங்கள். ஜிம் சைக்கிளோ ட்ரெட்மில்லோ அன்றைக்குத்தான் அருமை தெரியும்.

அப்பாவுக்கு 66 வயது. சைக்கிள் வாங்கிக் கொடுக்கலாமா?

சின்ன வயதிலிருந்து ஓட்டி வந்தவர் என்றால் கொடுங்கள். இருபது வருடமாகத் தொடாதவர் என்றால், இந்த வயதில் ஒரு விழுதல் இடுப்பெலும்பில் முடியலாம். முதலில் விறுவிறுப்பான நடை, வீட்டில் நிற்கும் சைக்கிள், ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சி. அவர் கேட்க மாட்டார், தெரியும். அப்படியென்றால் காலைத் தூக்கிப் போடாமல் ஏறக்கூடிய தாழ்வான சட்டம் உள்ளதாக வாங்கி, தலைக்கவசத்தையும் சேர்த்துக் கொடுத்து, முதல் மாதம் கூடவே போங்கள்.

பினாங்குப் பாலத்து மராத்தானுக்குப் பதிந்துவிட்டேன், சைக்கிள் பயிற்சி உதவுமா?

முழு மராத்தான் 42.195 கிலோமீட்டர், காலில் விழும் அடியை சைக்கிள் பழக்கிக் கொடுக்காது. வாரத்தில் ஒரு மென்மையான ஓட்டத்துக்குப் பதில் ஒரு மணி நேரம் சைக்கிள் என்று மாற்றலாம், மூச்சு வளரும், கால் ஓய்வெடுக்கும். நீண்ட ஓட்டத்தை மட்டும் எதைக்கொண்டும் மாற்ற முடியாது. காயம்பட்டு ஓட முடியாத வாரங்களில் சைக்கிள் ஒரு வரம்தான். ஓட்டம் நள்ளிரவு தாண்டித் தொடங்கும், அதனால் ஒன்றிரண்டு நீண்ட ஓட்டத்தையாவது அந்த நேரத்தில் ஓடிப் பார்த்துவிடுங்கள், இரவுச் சாப்பாடு வயிற்றில் எப்படி உட்காருகிறது என்று அப்போதுதான் தெரியும்.

தெருநாய் துரத்தினால்?

ஓடுகிறவர் நின்றுவிடுங்கள், கண்ணைப் பார்க்காமல் மெதுவாக நடந்து கடக்கலாம், பெரும்பாலும் அதற்கே சுவாரசியம் போய்விடும். சைக்கிள்காரர் மேட்டில் இருந்தால் இறங்கி சைக்கிளை நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டு போங்கள், தண்ணீர் பாட்டிலை அதன் மேல் பீய்ச்சினால் விலகும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள், சின்னக் கீறல் என்று விட வேண்டாம்.